கோரம்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
லாட்ஜ் மாடியில் அரங்கம்.
அரை நாள் வாடகை ஆயிரத்து இருநூறு,
ஏ.சி. போட்டால் தனி.
போடவில்லை.

மாவட்ட நூலக, தகவல் அறிவியல்
ஆசிரியர் சங்கத்தின்
பத்தொன்பதாம் ஆண்டுப் பொதுக்குழு.
உறுப்பினர் இருபத்தாறு. கோரம் ஒன்பது.
பத்தரைக்கு நாங்கள் ஆறு பேர்.

கோரம் என்றால் தமிழில் கொடுமை என்று
திம்மராஜன் இந்த வருஷமும் சொன்னார்.
இந்த வருஷமும்
நஸ்ரீன் மட்டும் சிரித்தாள்.

ஓசூர்க்காரர்கள் இரண்டு பேர்
சூளகிரியில் பஸ்ஸோடு நிற்கிறார்களாம்.
மாம்பழக்கூழ் லாரி கவிழ்ந்து
ரோடு முழுக்க மஞ்சள்,
ஈக்கு நடுவே போலீஸ்
என்று போனில் சொன்னார்கள்.

வரட்டும்.
அதுவரை மூன்றாவது பொருளை
சும்மா பேசிப் பார்க்கலாம் என்றார் எல்லப்பன்.
சங்கத்தின் பெயரிலிருந்து
'நூலக' என்ற சொல்லை எடுத்துவிடுவது.
கொண்டுவந்தவர் அவர்தான்.

"இந்த வருஷம் என்னிடம் சேர்ந்தது மூன்று பேர்.
நூலகம் என்றதும்
தூசி தட்டுகிற வேலையா சார் என்கிறான்.
தகவல் என்றால்
பெங்களூர் பஸ் ஏறலாம் என்று நினைக்கிறான்.
நினைக்கட்டுமே.
உள்ளே வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்."

ரோசலின் டீ கப்பைக் கீழே வைக்கவில்லை.
பகுப்பு நடத்துகிறவள்.
போன பருவத்தில் ஒரு பையன் கேட்டானாம்:
மேடம், மரத்தில் இருக்கும் மாங்காய் அறுநூற்று முப்பத்து நாலு,
கூழானால் அறுநூற்று அறுபத்து நாலு,
சந்தைக்குப் போனால் முந்நூற்று எண்பத்தொன்று.
அழுகிவிட்டால்?
"இரண்டு நாள் தேடினேன்" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
பெயரை மாற்றலாமா வேண்டாமா என்று
அதில் ஒன்றும் இல்லை.
ஆனால் எல்லப்பன்
அதன்பிறகு சற்று மெதுவாகப் பேசினார்.

பன்னிரண்டேகாலுக்கு
ஓசூர்க்காரர்கள் வந்தார்கள். எட்டு.
அவர்கள் பின்னாலேயே
சட்டை முழங்கை வரை மடித்து முனிரத்தினம்.

எட்டு வருஷமாகச் சந்தா கட்டாதவர்.
அவர் வேலைபார்த்த கல்லூரியில் பாடத்தை மூடியபோது
யாரிடமும் சொல்லாமல் போனவர்.
இப்போது கூழ் கம்பெனியில் குளிர்கிடங்குப் பொறுப்பு.
கவிழ்ந்தது அவருடைய லாரி.
பீப்பாய்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது
நின்றிருந்த பஸ் ஜன்னலில்
பழைய முகங்கள் இரண்டு கூப்பிட்டன.

ஆயிரத்து அறுநூறு ரூபாயை
மேசைமேல் வைத்தார்.
ஈரமாக இருந்தது.

விதி ஏழின்படி
நிலுவை முப்பது நாள் முன்னதாகத் தீர்ந்திருக்கவேண்டும்
என்று நஸ்ரீன் புத்தகத்தைப் புரட்டினாள்.
பொருளாளர் அப்படித்தான் இருக்கவேண்டும்.
"எட்டு வருஷம் கழித்து வருகிற புத்தகத்தை
அலமாரியில் வைக்கமாட்டீர்களா?"
கேட்டது முனிரத்தினம் இல்லை,
வாயே திறக்காத திம்மராஜனின் மனைவி,
டிபன் பொட்டலம் கொண்டுவந்தவள்.
அவள் உறுப்பினர் இல்லை.
குறிப்பில் ஏற்றவில்லை.
ரசீது மட்டும் போட்டோம். ஒன்பது.

வாக்கெடுப்பு: நாலுக்கு நாலு.
முனிரத்தினம் கை தூக்கவில்லை.
"கிடங்கில் என்னை லைப்ரரி சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
இங்கே என்ன பெயரென்று
நீங்கள் முடிவுசெய்து சொல்லுங்கள்."
தலைவருக்குத் தீர்வு வாக்கு உண்டு.
சாப்பாடு ஆறுகிறது என்றார் தலைவர்.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது
என்று செயலாளர் நான் எழுதி முடித்து
கையெழுத்து வாங்கினேன்.
அவர் பெயருக்குப் பக்கத்தில்
மஞ்சளாய் ஒரு கட்டைவிரல்.

இன்று பதிவாளருக்கு நகல் எடுக்க
புத்தகத்தைத் திறந்தேன்.
அந்தப் பக்கத்தில் வரிசையாக எறும்பு.
பத்தொன்பது வருஷத்தில்
எங்கள் தீர்மானங்களை
யாரும் இப்படி
எழுத்தெழுத்தாக வாசித்ததில்லை.
கொஞ்ச நேரம்
மூடாமல் வைத்திருந்தேன்.